பிடரிப் பொட்டு

வெயில் அளவு கடந்து சிவப்புக் கொடி ஏறிவிட்டால் உப்பளத்தில் ஒரு ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. சட்டம் வருவதற்கு முந்தைய கோடையில் தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்து அளங்களில் மட்டும் பதினோரு பேர் பாத்தியிலேயே சுருண்டு விழுந்து செத்தார்கள். ஆனால் சட்டம் எழுதியவர்களிடம் உப்பு எப்போது விளையும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கொடி ஏறும் நாட்களில்தான் உப்பு விளையும். மார்ச்சில் ஏறுகிற கொடி ஜூலை வரை இறங்காது. அத்தனை மாதமும் உப்பு வாருகிற பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை இல்லாத நாளுக்குக் கூலி யார் கொடுப்பார்கள்?

இந்தச் சிக்கலுக்கு வைத்தியமாகத்தான் பொட்டு வந்தது.

என் பெயர் எமல்டா. வெயிலில் வேலை செய்கிறவர்களின் உடல்நலத்தை ஆராய்கிற ஒரு மையத்தில் கள நர்ஸ். ரத்தம் எடுப்பது, எடை பார்ப்பது, தாளில் எழுதுவது, இதெல்லாம் என் வேலை. அண்ணன் செத்த பிறகு அண்ணன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் மைனியோடும் அவள் மகள் ஜோவிட்டாவோடும் ஒரே வீட்டில் இருக்கிறேன். மைனி இருபத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிறவள். நான் படித்ததே அவள் வாரிய உப்பில்தான். இதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் அவள் இல்லை, அதனால் நானே சொல்கிறேன்.

மையத்திலிருந்து டாக்டர் சுகிர்தா வந்திருந்தார். சென்னைக்காரர். முப்பத்தாறு வயதிருக்கும். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அளத்துக் கொட்டகையில் இருபத்தெட்டுப் பெண்களையும் தரையில் உட்காரவைத்து, தானும் தரையிலேயே உட்கார்ந்துதான் பேசினார். கையில் பழைய ஐந்து ரூபாய்க் காசளவில் ஒரு வில்லை இருந்தது.

"இதைப் பிடரியில ஒட்டுவோம். வெயில் சுடுதுன்னு உடம்பு மூளைக்கு ஒரு சேதி அனுப்புது இல்லையா? அந்தச் சேதியை இது நடுவுல நிறுத்திடும். வெயில் அடிக்கும், ஆனா உங்களுக்குச் சுடாது."

"அப்ப செத்தாலும் தெரியாதே டாக்டரம்மா!" என்றாள் பேச்சித்தங்கம். கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

"அதுக்குத்தான் கையில இந்தக் காப்பு. உடம்போட உள்சூட்டை இது அளந்துகிட்டே இருக்கும். ஆபத்துக்குப் பக்கத்துல போனா அதிரும். உடனே கொட்டகைக்கு வந்து கால் மணி நேரம் உக்காந்துடணும். பாருங்க, நம்ம உடம்பு சில நேரம் லேட்டாத்தான் எச்சரிக்கும். காப்பு லேட் பண்ணாது."

"தாகம் எடுக்குமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"நல்ல கேள்வி. சூடு தெரியலேன்னா தாகமும் சரியாத் தெரியாது. அதனால தாகம் எடுத்தாலும் எடுக்காட்டாலும் மணிக்கு முக்கால் லிட்டர் குடிச்சே ஆகணும். தினமும் நல்ல தண்ணி லாரியில வரும். பாட்டில் மூடியில ஒரு சில்லு வச்சிருக்கோம். எவ்வளவு தண்ணி வெளிய போச்சுன்னு அது குறிச்சுக்கும்."

மைனி கேட்டாள்.

"இத ஒட்டுனா கொடி நாள்லயும் வேல உண்டா?"

"உண்டும்மா. இந்த ஆராய்ச்சியில இருக்கறவங்களுக்கு மட்டும் அரசு அனுமதி கொடுத்திருக்கு. நல்லபடியா முடிஞ்சா எல்லாருக்கும் வந்துடும்."

"அப்ப ஒட்டுங்க" என்றாள் மைனி. அவ்வளவுதான் அவளுடைய சம்மதம். ஒன்பது பக்கப் படிவத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவள் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டினால் சீசன் முடிகிறவரை எடுக்கக் கூடாது, எடுத்து எடுத்து ஒட்டினால் நரம்பு குழம்பிவிடும் என்பது ஆறாம் பக்கத்தில் இருந்தது.

முதல் கொடி நாளில் வெயில் நாற்பத்தேழு. ஆராய்ச்சி வண்டிக்குள் ஏசியில் இருந்த எனக்கே கண்ணாடி வழியாகப் பார்க்கக் கண் கூசியது. வெள்ளை வெளேரென்ற பாத்தியில் பெண்கள் பலகையைப் போட்டு உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை, யாரும் முந்தானையால் முகத்தைத் துடைக்கவில்லை. பேச்சித்தங்கம் என்னவோ சொல்ல மற்றவர்கள் கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது. கணக்கப்பிள்ளை சிலுவைமுத்து மட்டும் குடைக்குள் நின்றபடி தெப்பலாக நனைந்துபோய், "என்ன கூத்துலே இது?" என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"எப்டி மைனி இருக்கு?" என்று கொட்டகையில் கேட்டேன்.

"மார்கழி மாசம் மாதிரி இருக்குட்டி" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் முகத்தை நான் அவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் மையம், என் வேலை, என் மைனி என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னச் சின்னதாக விஷயங்கள் வராமல் இல்லை. கொதிக்கக் கொதிக்க டீயை மடமடவென்று குடித்துவிட்டு நாக்குத் தோல் உரிந்து வந்து நின்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கிவிட்டாள். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். எல்லா வீட்டுக்கும் கைப்பிடித் துணி வந்தது.

மே மாதத்தில் ஜோவிட்டாவுக்கு உடம்பு சரியில்லை. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. நான் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

"என்ன மைனி இவளுக்கு?"

"ஒண்ணும் இல்ல. இப்பதான் நெத்தியத் தொட்டுப் பாத்தேன், காய்ச்சலும் இல்ல மண்ணும் இல்ல. பரீச்சைக்குப் பயந்து மடி பிடிச்சுக் கெடக்கா."

நான் போய்க் கன்னத்தில் கை வைத்தேன். அனலாகக் கொதித்தது. தெர்மாமீட்டரில் நூற்றுமூன்றரை. பிள்ளைக்கு உதடு வெடித்து, பேச்சு குழறியது. நான் ஆட்டோ பிடிக்க ஓடிவிட்டுத் திரும்பி வந்தபோது மைனி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெத்த பிள்ள நெத்தியில கைய வச்சா செவத்துல வச்ச மாதிரி இருக்குட்டி எமல்டா" என்றாள்.

டைபாய்டு. பத்து நாளில் எழுந்துவிட்டாள். நான் இதையும் எழுதி அனுப்பினேன். டாக்டர் சுகிர்தா போனிலேயே வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த வாரம் எல்லா வீட்டுக்கும் ஒரு தெர்மாமீட்டர் வந்தது.

அந்தக் கோடையில் எங்கள் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருதடவை வந்தது. அதுவும் உப்புக் கரித்தது. ஆனால் எங்கள் வீட்டு அடுக்களையில் வெள்ளைக் கேன் ஒன்றில் எப்போதும் நல்ல தண்ணீர் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் அதில் இரண்டு செம்பு மொண்டு குடிப்பதுதான். ஜில்லென்று தொண்டையில் இறங்கும்.

"ஏது மைனி தண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கணக்கப்பிள்ள குடுக்காரு" என்றாள்.

சிலுவைமுத்து தண்ணீர் கொடுக்கிற ஆளா? எச்சில் கையால் காக்காய் விரட்டாத மனுஷன். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்கும். யோசிக்கவில்லை. மூன்றாவது செம்பு மொண்டேன்.

ஜூன் கடைசியில் மைனியின் கணுக்கால் வீங்கியது. அளத்தில் நின்று நின்று வீங்குவது வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன். நர்ஸாக இருந்துகொண்டு விட்டுவிட்டேன், கேளுங்கள். ஜூலை ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்குப் பலகையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப்போய்க் காப்பைப் பார்த்தேன். அது அதிரவே இல்லை. உள்சூடு சரியாக இருந்தது. மைனி என்னைப் பார்த்து, "ஒண்ணும் செய்யலட்டி, சும்மா உக்காந்தேன்" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எத்தனை மாசமா தண்ணி குடிக்காம இருக்காங்க?"

டாக்டர் சுகிர்தா அன்று மதியமே விமானத்தில் வந்துவிட்டார். தன் போனைத் திறந்து காட்டினார். "ஒரு நாளைக்கு அஞ்சரை லிட்டருக்குக் குறையல சார். நூத்துப் பதினாலு நாள் ரெக்கார்ட் இருக்கு."

"ரெண்டு கிட்னியும் போச்சு மேடம். உங்க போனும் இவங்க ரத்தமும் ரெண்டும் உண்மையா இருக்க முடியாது" என்றார் அவர்.

டாக்டர் சுகிர்தா போனை மூடினார். என்னைப் பார்த்தார். பாட்டில்களை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

வார்டில் மைனி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜோவிட்டாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"மைனி, நெசத்தச் சொல்லுங்க. பாட்டில் தண்ணிய என்ன செஞ்சீய?"

"கேன்ல ஊத்துனேன்."

"எந்தக் கேன்ல?"

"நம்ம வெள்ளக் கேன்லதான். பின்ன என்ன, உப்பு மேலயா ஊத்த முடியும்? விளைஞ்சதெல்லாம் கரைஞ்சிருமே. மண்ணுல கொட்டவும் மனசு வரல, நல்ல தண்ணி. எல்லாவளும் வீட்டுக்குத்தான் கொண்டு போறாளுவ."

"ஏன் மைனி குடிக்கல? அத்தன தடவ சொன்னேனே!"

அவள் என்னை வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "குடிச்சா எங்கட்டிப் போறது?" என்றாள்.



அளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு செடி கிடையாது. வெள்ளைப் பாத்தி, வரப்பு, லாரி, ஆண்கள். ஒரு பெண் எங்கே போய் உட்காருவாள்? விடிவதற்கு முன்னால் ரோட்டோரத்து உடைமரத்துக்குப் பின்னால் போய்விட்டு அளத்தில் இறங்கினால், திரும்பி வீட்டுக்கு வருகிறவரை அடக்கிக்கொண்டே நிற்க வேண்டும். அடக்குவதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பது. என் அம்மா அப்படித்தான் இருந்தாள், அவள் அக்கா தங்கைகள் எல்லாம் அப்படித்தான். முன்பெல்லாம் வெயில் தாங்காமல் நாக்கு வறண்டு போனால் இரண்டு மடக்காவது குடிப்பார்கள். பொட்டு வந்ததும் அந்த இரண்டு மடக்கும் நின்றுபோனது. மூடியில் இருந்த சில்லு பாட்டிலைச் சரித்ததைக் குறித்துக்கொண்டது. வாயில் சரித்தார்களா கேனில் சரித்தார்களா என்று அதற்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஆராய்ச்சி வண்டியில் ஒரு கழிப்பறை இருந்தது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்காக வைத்தது. அதன் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. நூற்றுப் பதினாலு நாளும் அதைத் திறந்து நான் போய் வந்தேன். அந்த ஊரிலேயே பிறந்த எனக்கு, ஒருதடவை, ஒரே ஒருதடவை, அவர்களில் ஒருத்தியைக் கூப்பிடத் தோன்றவில்லை. மைனி குடித்ததாகக் காலையில் நான் எழுதிய தண்ணீரைச் சாயங்காலம் நானே குடித்திருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பொட்டை எடுத்த மூன்றாம் நாள் மைனிக்குச் சூட்டுணர்வு திரும்பியது. முதலில் வார்டின் புழுக்கத்தைத் திட்டினாள். பிறகு ஜோவிட்டாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "சுடுதுட்டி, பிள்ளைக்குக் கை சுடுது, உசுரோட இருக்கா" என்று ஓவென்று அழுதாள். தாகமும் திரும்பியது. இனிமேல் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒரு மடக்கு தாட்டி. நாக்கு ஒட்டுது" என்று என் கையைப் பிடிப்பாள். நான் செம்பை மறைத்து வைப்பேன். ஒருநாள் அடுக்களையில் போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்ததாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்டில் சென்னையில் மையத்தின் கூட்டம். நீள மேசை. அதிகாரிகள், பொட்டு செய்கிற கம்பெனி ஆட்கள், அளக்காரர்கள் சார்பில் ஒருவர். நான் பேசக் கூடாது, பக்கத்தில் இருந்து தாள் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்டர் சுகிர்தா, 'பங்கேற்றவர்கள் விதிமுறையை மீறியதால்' என்று வாசித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"விதிய மீறல சார். அங்க போறதுக்கு இடம் இல்ல. கக்கூஸ் இல்ல. ஒண்ணே ஒண்ணு கட்டிக் குடுங்க, என் மைனிக்குப் போனது போச்சு, மத்த இருபத்தேழு பேரும் தண்ணி குடிப்பாங்க."

அளக்காரர்கள் சார்பில் வந்தவர் தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாம் குத்தகை நெலம்மா. கடலோரம் வேற. பாத்தி நடுவுல செங்கல் வச்சுக் கட்ட அனுமதி வாங்கறதுக்குள்ள நாம ரிட்டையர் ஆயிடுவோம். அப்படியே கட்டினாலும் கடைசிப் பாத்தியிலருந்து நடந்து போய் வர முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாங்க?"

கம்பெனியிலிருந்து வந்த ஒரு இளைஞன் மட்டும் நான் சொன்னதை அக்கறையாகக் குறித்துக்கொண்டான். "ஒதுங்கணும்கிற அந்த உணர்வு எப்ப ஆரம்பிக்கும், எவ்வளவு நேரம் தாங்குவாங்க?" என்றெல்லாம் மரியாதையாகக் கேட்டான். ஒருவனாவது காது கொடுத்தானே என்று நானும் விவரமாகச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் டாக்டர் சுகிர்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நீங்க சொன்னதுதான் இந்த ஆராய்ச்சியிலேயே முக்கியமான தகவல் எமல்டா" என்றார்.

ஆராய்ச்சி நின்றது. எல்லோருடைய பொட்டையும் எடுத்தார்கள். இன்னும் நாலு பேருக்குக் கிட்னி பாதி கெட்டிருந்தது தெரிந்தது. இனிக் கொடி ஏறினால் பழையபடி வீடுதான். பேச்சித்தங்கம் குழாயடியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் மைனிக்கு வந்ததுக்கு எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

மைனியிடம் சொன்னேன். "சரியாத்தான கேக்கா. நீ ஏம்ட்டி வாயத் தொறந்த?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரியில் டாக்டர் சுகிர்தாவிடமிருந்து போன். குரலில் சந்தோஷம் துள்ளியது.

"எமல்டா, புதுப் பொட்டு ரெடி! முழுக்க உங்களாலதான். பழசு செய்யறதை எல்லாம் இது செய்யும். கூடவே ஒதுங்கணும்கிற உணர்வையும் எட்டு மணி நேரம் நிறுத்தி வைக்கும். அந்தத் தசையும் தானாப் பிடிச்சுக்கும். இனிமே பயப்படாம எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்."

"கக்கூஸ், டாக்டர்?"

"அது வேற துறை எமல்டா" என்றார்.

இந்த முறை படிவத்தில் பதினான்கு பக்கம். வாசித்து முடிப்பதற்குள் பெண்கள் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். பேச்சித்தங்கம் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வைக்காத தாயி. நீ சொன்னதாலதான எங்களுக்கு விடிஞ்சுது." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு அது ஒட்டவும் இல்லை, சுடவும் இல்லை.

மைனி இருந்த இடத்தில் இப்போது ஜோவிட்டா நின்றாள். காலேஜை விட்டுவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் சண்டை போட்டிருந்தேன்.

"உங்கம்மாவப் பாத்தபொறவுமா ஜோவி?"

"அம்மாவப் பாத்ததாலதான் அத்தை. வாரத்துல மூணு நாள் நீங்க ஒத்தையில எப்டிச் சமாளிப்பீய? நான் தண்ணி குடிப்பேன், நீங்க கண்ணால பாத்துக்கோங்க. அம்மா மாதிரி ஏமாத்த மாட்டேன்."

மைனி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளும் தடுக்கவில்லை, நானும் அதற்கு மேல் தடுக்கவில்லை.

புதுப் பொட்டு வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது, அருமையாக வேலை செய்தது. வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்தேன், ஒருத்திக்கும் குறை இல்லை. ஜோவிட்டா மணிக்கொரு தடவை வண்டி ஜன்னலுக்கு நேராக வந்து நின்று, எனக்குத் தெரியும்படி பாட்டிலை அண்ணாந்து குடித்துவிட்டு, கவிழ்த்தும் காட்டுவாள். எல்லாப் பெண்களுக்கும் முகத்தில் ஒரு மினுமினுப்புக்கூட வந்திருந்தது. மையத்தில் எனக்குப் பாராட்டுத் தாள் ஒன்று கொடுத்தார்கள்.

முதல் நாளிலேயே நான் வண்டிக் கழிப்பறையின் கதவைத் திறந்து கயிற்றால் கட்டி வைத்தேன். யாரைக் கேட்டும் செய்யவில்லை. "யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வாங்க" என்று கொட்டகையில் சொன்னேன். ஒருத்தியும் வரவில்லை.

"வரலியேக்கா. வந்தாத்தான வரணும்" என்றாள் பேச்சித்தங்கம், சிரித்துக்கொண்டே.

கதவு காற்றில் ஆடாமல் இருக்கக் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

மே மாதம் மூன்றாவது வாரம். ஆராய்ச்சி வண்டி ரிப்பேருக்குப் போயிருந்ததால் அன்று மதியம் பெண்களோடு அளத்துக் கம்பெனி வேனிலேயே வீட்டுக்குத் திரும்பினேன். வெளியே நாற்பத்தெட்டு. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர்கள் எல்லோரும் மார்கழியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜோவிட்டா எனக்கு எதிர் சீட்டில் இருந்து கதை சொல்லிக்கொண்டு வந்தாள். கணக்கப்பிள்ளையின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு ஓட, அவர் ஒற்றைச் செருப்போடு குடையைப் பிடித்தபடி வரப்பில் துரத்திய கதை. சிலுவைமுத்து மாதிரியே கழுத்தை நீட்டிப் பேசிக் காட்டினாள். வேனே குலுங்கிச் சிரித்தது. அவள் அப்பாவுக்கும் அந்தச் சாமர்த்தியம் உண்டு.

வேனின் தகரத் தரையில் அவள் சீட்டுக்குக் கீழேயிருந்து ஒரு ஈரக் கோடு என் கால் பக்கமாக வந்தது. வேன் வளைவில் திரும்பியபோது அது இரண்டாகப் பிரிந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு வாடை வந்தது. அவள் சுடிதார் சீட்டில் படிந்த இடமெல்லாம் நனைந்திருந்தது. எட்டு மணி நேரம் முடிந்திருக்க வேண்டும். தசை விட்டிருக்கிறது, உணர்வு மட்டும் திரும்பவில்லை.

அவள் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேச்சித்தங்கம் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள். சிரிப்பு ஒவ்வொரு சீட்டாக நின்றது. பேச்சித்தங்கம் மெதுவாகக் கையைக் கீழே கொண்டுபோய்த் தன் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பின் சீட்டுக்காரி. பிறகு எல்லோரும். தொட்ட கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். சிலர் மூக்கில் வைத்துப் பார்த்தார்கள். தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பு தெரிவதற்கு அவர்களுக்கு வழி இல்லை.

"என்ன, எல்லாரும் கம்முனு ஆயிட்டீய?" என்றாள் ஜோவிட்டா. பிறகு கீழே பார்த்தாள். சட்டென்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள்.

"ஐயே! யாரு பாட்டில மூடாம வச்சது?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். "மூட மறந்துட்டேன் பிள்ள."